பதினொரு தட்டுகளும் ஒரு கார் சாவியும்

பைன் பிளஃப், ஆர்கன்சா
28 செப்டம்பர் 1998

பத்ரூனில் என் மகன் குடியிருக்கும் வீட்டாருக்கு,

வணக்கம். உங்களில் யாருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியுமோ அவருக்கு இந்தக் கடிதம். வீட்டில் பெரியவர்கள், பிள்ளைகள் எல்லாரும் நலந்தானே? எனக்கு முழங்கால் வலியைத் தவிர வேறு குறை இல்லை.

என் பெயர் வெர்லீன் டக்கெட். உங்கள் மாடிக்கு வாடகைக்கு வந்திருக்கும் நெட்டையன் வெண்டெல் என் மகன். முப்பத்திரண்டு வயது. பதினோரு வருடமாகக் கூடைப்பந்து ஆட ஊர் ஊராகப் போகிறான். பின்லாந்து, போர்ச்சுகல், உருகுவே, துருக்கி, இப்போது உங்கள் ஊர். ஞாயிறுதோறும் போன் செய்து, "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்பான். அவ்வளவுதான். பின்லாந்தில் கணுக்கால் உடைந்து கட்டுப்போட்டுக் கிடந்த மாதமும் இதையேதான் சொன்னான்.

அவன் படித்த பள்ளியின் சமையலறையில் நான் வேலை பார்க்கிறேன். அங்கே கோச் அடுத்த கோடையில் ஓய்வு பெறுகிறார். அந்த வேலையை மே மாதக் கடைசி வரை வெண்டெலுக்காக வைத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். "ஆட நான் வேண்டாம்னு இவங்க சொல்ற அன்னைக்கு வந்துடறேன்" என்கிறான் இவன். அப்படி ஒரு நாள் வந்தால் உலகத்திலேயே கடைசியாக எனக்குத்தான் சொல்வான். அதனால் உங்களைக் கேட்கிறேன். அங்கே இன்னும் அவன் வேண்டியவனாக இருக்கிறானா? ஒழுங்காகச் சாப்பிடுகிறானா?

உங்கள் வீட்டின் நலம் வேண்டும்,
வெர்லீன் டக்கெட்


பத்ரூன்
19 அக்டோபர் 1998

மதிப்பிற்குரிய உம் வெண்டெல் அவர்களுக்கு,

இங்கே ஒரு தாயை அவருடைய மூத்த மகன் பெயரால்தான் அழைப்போம். "உம்" என்றால் தாய். நீங்கள் தவறாக நினைக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் முழங்காலுக்கு ஆலிவ் எண்ணெயைச் சூடாக்கித் தடவச் சொல்கிறார் என் அம்மா. நாங்கள் நலம்.

நான் ரிந்தாலா. வயது பதின்மூன்று. என் அப்பா தானியோஸ், பெய்ரூட்டுக்கு வடக்கே இருக்கும் இந்தச் சின்ன ஊரில் நோட்டுப் புத்தகக் கடை வைத்திருக்கிறார். ஆட்டம் நடக்கும்போது மைதானத்து மேசையில் உட்கார்ந்து கடிகாரத்தை நிறுத்தி ஓடவிடுபவரும் அவர்தான். இந்த வீட்டில் ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவள் நான் ஒருத்தி. அகராதி பக்கத்தில் இருக்கிறது.

வெண்டெல் மாமா சாப்பிடுகிறார். நேற்று அம்மா திராட்சை இலையில் சுருட்டிய சோறு அனுப்பினார். நாற்பது சுருள். வெண்டெல் மாமா மிச்சம் வைத்தது மூன்று, அதுவும் மரியாதைக்காக. கட்டில் அவருக்குப் போதவில்லை. அப்பா கால்மாட்டில் ஒரு பெஞ்சை வைத்துக் கட்டிக் கொடுத்தார்.

எங்கள் கட்டடத்துக்குப் பின்னால் ஒரு கூடை இருக்கிறது. காலையில் அங்கே கோட்டில் நின்று நூறு ஃப்ரீ த்ரோ எறிவார். நான் மாடியிலிருந்து எண்ணி நோட்டில் குறித்து வைக்கிறேன். போன வாரச் சராசரி தொண்ணூற்று ஒன்று. அதனால் என்னை "டீச்சரம்மா" என்று கூப்பிடுகிறார். முதல் ஆட்டத்தில் ஜெயித்தோம். வேண்டியவரா என்று கேட்டீர்கள். ரொட்டிக் கடையில் அவருக்கு வரிசை இல்லை, நேராக முன்னால் விட்டுவிடுகிறார்கள். இந்தச் சான்று போதுமா?

பணிவுடன்,
ரிந்தாலா


பைன் பிளஃப்
9 நவம்பர் 1998

ரிந்தாலா கண்ணு,

உன் கையெழுத்தும் நீயும் சுகந்தானே? எண்ணெய் தடவினேன். முழங்காலை விட என் பூனைக்குத்தான் அது பிடித்திருக்கிறது.

உம் வெண்டெல்! சமையலறையில் எல்லாரிடமும் சொல்லிவிட்டேன். இப்போது எல்லாரும் அப்படியே கூப்பிடுகிறார்கள். ரொட்டிக் கடைச் சான்று நல்ல சான்று. ஆனால் அதைவிட நல்லது ஒன்று இருக்கிறது, பதினோரு வருடத்தில் நானே கற்றுக்கொண்டது. எந்த ஊர்க் கிளப்பும் இவனுக்கு ஒரு கார் கொடுக்கும். அனுப்பிவிட முடிவு செய்தால் முதலில் அதை வாயால் சொல்ல மாட்டார்கள். ஒரு ஆள் வந்து கார் சாவியை வாங்கிக்கொண்டு போவான். போர்ச்சுகலில் அப்படித்தான். துருக்கியிலும் அப்படித்தான்.

கார் கீழே நிற்கும் வரை எனக்குக் கவலை இல்லை. காரைப் பார்த்துக்கொள்கிறாயா?

உன் பெற்றோருக்கு என் அன்பு.
உம் வெண்டெல்


பத்ரூன்
13 டிசம்பர் 1998

அன்புள்ள உம் வெண்டெல்,

உங்களுக்கும் பூனைக்கும் நலம் விழைகிறேன். எனக்கு இரண்டு நாள் சளி. இப்போது இல்லை.

கார் இருக்கிறது. வெள்ளை மெர்சிடிஸ். என்னைவிட ஏழு வயது மூத்தது. முன்பு கிளப் தலைவர் நெமர் ஓட்டியது. வெண்டெல் மாமாவின் கால் நுழையவில்லை என்று முன் இருக்கையைக் கழற்றிப் பின்னுக்குத் தள்ளிப் பொருத்தியிருக்கிறார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் ஓட்ட ஆளில்லாமல் கார் தானாகப் போவது போலவும், பின்னால் ஒரு பெரிய மனிதர் சவாரி செய்வது போலவும் இருக்கும். சந்துக்குள் கார் வந்தால் காய்கறிக் கடைக்காரர் எழுந்து நின்று, "ஐயா யாரோ மந்திரி வர்றாரு, வழி விடுங்கப்பா" என்கிறார். தினமும் அதே கேலி, தினமும் சிரிப்பு.

ஆறு ஆட்டத்தில் ஐந்து வெற்றி. காரைப் பற்றி உங்களிடம் உண்மையே சொல்வேன் என்று வாக்குக் கொடுக்கிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.

உங்கள்,
ரிந்தாலா


பத்ரூன்
24 ஜனவரி 1999

அன்புள்ள உம் வெண்டெல்,

நீங்கள் அனுப்பிய கம்பளிக் காலுறைகள் வந்தன. போட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். இந்தக் குளிரில் உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது?

நல்ல செய்தி குறைவு. தொடர்ந்து மூன்று தோல்வி. நூற்றுக்குத் தொண்ணூற்று ஒன்று இப்போது எழுபத்தெட்டு. முடிவெட்டும் கடையில் பேச்சு வேறு மாதிரி இருக்கிறதாம். இருபத்து மூன்று வயதில் இன்னொரு அமெரிக்கரைக் கூட்டிவரப் போகிறார்கள் என்று. "நாலு தடவை தலையைச் சீவினாலும் நாலு விதமா பேசுறானுங்க" என்றார் அப்பா. ஆனால் இரவுச் சாப்பாட்டில் அவரும் சரியாகப் பேசவில்லை.

கார் கீழே நிற்கிறது. இதை எழுதும்முன் ஒரு முறை எட்டிப் பார்த்தேன்.

அன்புடன்,
ரிந்தாலா


பத்ரூன்
12 பிப்ரவரி 1999

அன்புள்ள உம் வெண்டெல்,

நீங்கள் நலமாக இருக்க வேண்டும். இங்கே வாரம் முழுக்க மழை. மலையில் பெரும் பனி, அங்குள்ள ஊர்ச் சாலைகளை மூடிவிட்டார்களாம். எங்கள் பள்ளியில் புவியியல் தேர்வு. நான் முதல் மதிப்பெண்.

ஒரு சந்தேகம் கேட்க வேண்டும். வெண்டெல் மாமாவின் சமையலறையில் பதினொரு தட்டுகள் சேர்ந்துவிட்டன. எங்களுடையது மூன்று, இரண்டாம் மாடியினுடையது நான்கு, மீதி தெருவினுடையது. எல்லாம் கழுவித் துடைத்து அடுக்கியிருக்கின்றன. யாருக்கும் திருப்பித் தரவில்லை. கேட்டால், "வெறுந்தட்டைத் திருப்பிக் குடுத்தா எங்கம்மா கொன்னுடும், டீச்சரம்மா. எனக்கோ முட்டைய வேக வைக்கக்கூடத் தெரியாது" என்கிறார். இரண்டாம் மாடி அத்தை நேற்று கிண்ணம் மிச்சமில்லாமல் சூப்பைப் பூச்சாடியில் கொடுத்தனுப்பினார். வெண்டெல் மாமா செய்யக்கூடிய சுலபமான பண்டம் ஏதாவது எழுதுவீர்களா? அவசரம்.

எலுமிச்சை மரங்கள் காய்த்திருக்கின்றன. புறா ஒன்று எங்கள் ஜன்னலில் கூடு கட்டியிருக்கிறது.

பணிவுடன்,
ரிந்தாலா


பைன் பிளஃப்
24 பிப்ரவரி 1999

ரிந்தாலா கண்ணு,

புவியியலில் முதல் மதிப்பெண்ணுக்குப் பாராட்டு. புறாவும் நலமாக இருக்கட்டும்.

சோளமாவு ரொட்டிக்கான அளவைத் தனித்தாளில் எழுதியிருக்கிறேன். ஒரு குழந்தைகூடச் செய்யலாம். அதனால் வெண்டெல் முயற்சி செய்து பார்க்கலாம்.

இப்போது நீ என் கேள்விக்குப் பதில் சொல். மழை, பனி, எலுமிச்சை, புறா எல்லாம் உன் கடிதத்தில் இருக்கின்றன. வெள்ளை மெர்சிடிஸ் இல்லை. ஒரே வீட்டுக்குப் பதினொரு தட்டு சோறு போகிறதென்றால், எங்கள் ஊரில் அந்த வீட்டில் யாரோ செத்திருக்க வேண்டும், இல்லை யாரோ ஊரை விட்டுப் போக வேண்டும். கார் எங்கே?

கோபம் இல்லை. பயப்படாமல் எழுது.
உம் வெண்டெல்


பத்ரூன்
8 மார்ச் 1999

அன்புள்ள, மன்னிப்புக்குரிய உம் வெண்டெல்,

(மன்னிப்பு எனக்குத்தான் வேண்டும். சொல்லை மாற்றிப் போட்டுவிட்டேன், அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும்.) நீங்கள் நலமா? நான் இந்தக் கடிதத்தை எழுதி முடித்த பிறகு நலமாக இருப்பேன்.

பிப்ரவரி மூன்றாம் தேதி, புதன்கிழமை, மத்தியானம். தலைவரின் டிரைவர் ஷிஹாதே வந்தார். அவர் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். "தலைவர் காரைக் கேட்டாரு" என்றார். வெண்டெல் மாமா ஒன்றும் கேட்கவில்லை. சாவியை வளையத்திலிருந்து கழற்றிக் கொடுத்துவிட்டு, டிரைவரின் தோளைத் தட்டினார். நான் படியில் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தேன். என்னைப் பார்த்து, "அம்மாவுக்கு நானே சொல்லிக்கறேன், டீச்சரம்மா. நீ எழுதாதே" என்றார். நான் தலையாட்டிவிட்டேன். உங்களுக்கு ஒரு வாக்கு, அவருக்கு ஒரு வாக்கு. அதனால்தான் புறா.

மறுநாளே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. அவர் பயிற்சிக்கு நடந்து போனார். காய்கறிக் கடைக்காரர் எழுந்து நின்றார், ஆனால் கேலி செய்யவில்லை. யாரும் யாரிடமும் கேட்கவில்லை. ஒருவரிடம் போய் உங்களை வேலையை விட்டு எடுத்துவிட்டார்களா என்று கேட்பது எங்கள் ஊரில் முடியாத காரியம். கேட்பதற்குப் பதிலாகச் சோறு அனுப்பினார்கள். எங்கள் அணியின் கோச், தலைவர் தன்னைக் கேட்காமலே முடிவு செய்துவிட்டார் என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். அப்பா கோச்சைக் கேட்கவில்லை. தலைவரோ தங்கை மகள் கல்யாணத்துக்காக மலைக்குப் போனவர் திரும்பவில்லை. வெண்டெல் மாமா பெட்டியை அடுக்கிவிட்டார்.

பதின்மூன்றாம் தேதி பெய்ரூட் அணியோடு ஆட்டம். அதுதான் கடைசி என்று எல்லாருக்கும் தெரியும், யாரும் சொல்லவில்லை. அவர் அன்று ஆடியதை நான் எப்படி எழுதுவேன்? விடுமுறை விட்ட பள்ளிக்கூடம் மாதிரி ஆடினார். எதிரணி ஆள் பந்தைப் பிடுங்கினால், "சபாஷ் தம்பி" என்று அவனையே தட்டிக் கொடுத்தார். நாற்பத்தொரு புள்ளி. ஃப்ரீ த்ரோ பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. ஜெயித்தோம். ரொட்டிக் கடைக்காரர் அழுதார். அப்பா கடிகாரத்தை நிறுத்த மறந்துவிட்டார்.

பதினாறாம் தேதி சாலை திறந்தது. சாயங்காலம் சந்துக்குள் ஹார்ன் சத்தம். வெள்ளை மெர்சிடிஸ்! முன்னால் வாடிய ரோஜா மாலை, கண்ணாடியில் ரிப்பன், இருக்கை முழுக்க மணமக்கள் மேல் தூவிய அரிசி. தலைவர் இறங்கினார். தங்கை மகளுக்கு வெள்ளைக் கார்தான் வேண்டுமாம், அதனால் கல்யாண ஊர்வலத்துக்கு எடுத்துப் போனாராம். அந்த இருக்கையில் உட்கார்ந்து ஓட்டிய மாப்பிள்ளைத் தோழனுக்குப் பெடல் எட்டாமல் முதுகுக்குப் பின்னால் மூன்று தலையணை வைத்தார்களாம். அப்புறம் பனியில் மாட்டிக்கொண்டு, போனும் இல்லாமல், பத்து நாள் கல்யாணச் சாப்பாட்டையே சாப்பிட்டிருக்கிறார்கள்.

பெட்டியைப் பார்த்துத் தலைவர் திகைத்துப் போனார். "உன்னை யாருப்பா போகச் சொன்னது?" என்றார். நான் மொழிபெயர்த்தேன். வெண்டெல் மாமா, "சாவி" என்றார். தலைவர் ஷிஹாதேயைப் பார்த்தார். "கல்யாணத்துக்குன்னு சொல்லலையாடா?"

"கேக்கலையே" என்றார் ஷிஹாதே.

வெண்டெல் மாமா அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

இதை அன்றைக்கே எழுதியிருக்க வேண்டும். நல்லதை எழுதினால் மறைத்ததையும் எழுத வேண்டும். நான்கு தாள் கிழித்தேன். சோளமாவு ரொட்டியை நேற்று அவரும் நானும் செய்தோம். இப்போது நோன்புக் காலம், முட்டையும் பாலும் ஆகாது என்று அவை இல்லாமல் செய்தோம். ரொட்டி கீழே விழுந்ததில் தரை ஓடு ஒன்று உடைந்தது, ரொட்டி உடையவில்லை. தட்டுகள் ஈஸ்டர் வரை காத்திருக்கும்.

தலைகுனிந்து,
ரிந்தாலா


பைன் பிளஃப்
29 மார்ச் 1999

என் கண்ணு,

தலையை நிமிர்த்து. நீ நலம், கார் நலம், அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? உன் கடிதத்தைச் சமையலறையில் சத்தமாகப் படித்தேன். "கேக்கலையே" என்ற இடத்தில் அடுப்பில் பால் பொங்கிவிட்டது, யாரும் போய்ப் பார்க்கவில்லை. வெண்டெல் என்னிடம் பிப்ரவரி முழுக்கச் சொன்னது என்ன தெரியுமா? "எல்லாம் நல்லா இருக்கும்மா."

சில சின்னக் கேள்விகள். மே மாதம் அங்கே மழை பெய்யுமா? உங்கள் கட்டடத்தில் வெண்டெல் வீட்டுக்கு எத்தனை படி? லிஃப்ட் உண்டா? மைதானத்தில் உன் அப்பாவின் மேசைக்குப் பின்னால் உட்காரப் பெஞ்சு உண்டா, அதன் அகலம் என்ன? வெண்டெலிடம் கேட்காதே, நீயே அளந்து சொல்.

ஈஸ்டர் வாழ்த்துகளுடன்,
உம் வெண்டெல்


பத்ரூன்
18 ஏப்ரல் 1999

அன்புள்ள உம் வெண்டெல்,

நலம். உங்கள் நலம் அறிய ஆவல். நீங்களும் புவியியல் படிப்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி. மே மாதத்தில் மழை அநேகமாக இல்லை. படிகள் ஐம்பத்தெட்டு. லிஃப்ட் உண்டு, கரண்ட் இருந்தால் மேலே போகும். கரண்ட் இருக்காது. பெஞ்சின் அகலம் என் முழம் ஒன்று, நீளம் ஆறு. பலமானது.

ஈஸ்டர் முடிந்ததும் முட்டையும் பாலும் சேர்த்து ரொட்டி செய்தோம். பதினொரு தட்டுகளும் நிறைந்து வீடு வீடாகப் போயின. ஒரே வாரத்தில் பதினொன்றும் உணவோடு திரும்பி வந்துவிட்டன. இது முடியாது போலிருக்கிறது.

எங்கள் ஊர் முதன்முறையாக அரையிறுதிக்கு வந்திருக்கிறது. மே பதினைந்தில் ஆட்டம். அடுத்த வருடமும் இருக்கச் சொல்லித் தலைவர் கேட்டார். "எங்கம்மாவைக் கேக்கணும்" என்றார் வெண்டெல் மாமா. உங்களைக் கேட்டாரா? ஞாயிற்றுக்கிழமை போனில் அவர் பேசியது என் காதில் விழுந்தது. கேட்கவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அன்புடன்,
ரிந்தாலா


மூன்றாம் மாடி
16 மே 1999

அன்புள்ள உம் வெண்டெல்,

இதற்குத் தபால்தலை இல்லை. நீங்கள் என் தலைக்கு மேலே நடக்கும் சத்தம் கேட்கிறது. உங்கள் முழங்கால் நலம் என்று தெரிந்துகொண்டேன்.

நான் ஒரு முட்டாள். படி, மழை, பெஞ்சு எல்லாம் அளந்து எழுதிவிட்டு, புதன்கிழமை சாயங்காலம் பச்சைத் தொப்பியோடு நீங்கள் படியேறி வந்தபோது, யாரைத் தேடுகிறீர்கள் என்று உங்களையே கேட்டேன். வெண்டெல் மாமா கதவைத் திறந்து உங்களைப் பார்த்துவிட்டு, மறுபடி மூடிவிட்டுத் திறந்தாரே, அதை நான் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன்.

நேற்றைய ஆட்டத்தைப் பற்றி எழுத வேண்டியதில்லை, பக்கத்தில்தான் இருந்தீர்கள். ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஆறு விநாடி மீதி. இரண்டு புள்ளி பின்தங்கியிருந்தோம். அவருக்கு இரண்டு ஃப்ரீ த்ரோ, ஒன்றுக்கு ஒரு புள்ளி. முதலாவது வளையத்தில் பட்டு வெளியே போனது. மூவாயிரம் பேரும் தலையில் கை வைத்தார்கள். அப்போது நீங்கள் எழுந்து நின்று, "முட்டிய மடக்குடா, வெண்டெல்!" என்றீர்கள். அவர் திரும்பிப் பார்த்தார். சிரித்தார். மடக்கினார். இரண்டாவது உள்ளே போனது. ஒரு புள்ளியில் தோற்றோம்.

தோற்ற பிறகு எங்கள் தெருவுக்கு இத்தனை பேர் வந்து நான் பார்த்ததில்லை. முழு மைதானமும் பின்னாலேயே வந்தது. ரொட்டிக் கடைக்காரர் அடுப்பை மறுபடி மூட்டினார். இரண்டாம் மாடி அத்தை உங்களைக் கட்டிக்கொண்டு, "உங்க பையன் தவறவிட்டதுல என்னக்கா, நாங்க ஜெயிச்சா நாளைக்கே மறந்துடுவோம், தோத்தா பத்து வருஷம் பேசுவோம்" என்றார். அதை நான் சரியாகத்தான் மொழிபெயர்த்தேன்.

அப்புறம் தலைவர் வந்து வெள்ளை மெர்சிடிஸின் சாவியை உங்கள் உள்ளங்கையில் வைத்தார். "இவன் பதிலே சொல்ல மாட்டேங்கறான். நீங்க சொல்லுங்கம்மா" என்றார். நீங்கள் சாவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டீர்கள். பையைத் திறந்தபோது உள்ளே ஒரு நீளத் தாள் மடித்திருந்தது தெரிந்தது. பள்ளிக்கூடத்து முத்திரை. வேண்டுமென்று பார்க்கவில்லை. சாவியும் தாளும் ஒரே பையில் இருக்கின்றன.

நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால்தான் சொல்லும் ஷிஹாதேயைப் போலவும் இருக்க விருப்பமில்லை. அதனால் எழுதிக் கதவுக்கு அடியில் தள்ளுகிறேன்.

உங்கள்,
ரிந்தாலா


நான்காம் மாடி
17 மே 1999, காலை

ரிந்தாலா கண்ணு,

நன்றாகத் தூங்கினாயா? நான் தூங்கினேன். என் பாதி உடம்பு பெஞ்சில், மீதி கட்டிலில். படி ஐம்பத்தொன்பது. வாசலில் உடைந்து கிடக்கும் ஒன்றை நீ எண்ணவில்லை. நான் அதில்தான் தடுக்கினேன்.

பதினோரு வருடத்தில் என் மகன் ஆடி நான் பார்த்தது இந்த ஒரே ஆட்டம். அவனைக் கையோடு கூட்டிக்கொண்டு போகத்தான் வந்தேன். இதை யாரிடமும் சொல்லவில்லை, இப்போது உன்னிடம் மட்டும் சொல்கிறேன். ஜெயித்திருந்தால் கூட்டிக்கொண்டு போயிருப்பேன். ஜெயித்தவனை எந்த ஊருக்கும் பிடிக்கும். தோற்றவனுக்குச் சோறு கொண்டு வருகிற ஊரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

காலையில் அவனிடம் கேட்டேன். "உனக்கு என்னடா வேணும்?" என்றேன். "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்றான். முதல் முறையாக அதை நம்பினேன். சாவியை அவன் கையில் கொடுத்துவிட்டேன்.

இந்த வீட்டில் எழுதத் தாளே கிடைக்கவில்லை. என் பையில் இருந்த ஒன்றின் பின்பக்கத்தில் எழுதுகிறேன். முன்பக்கத்தில் அச்சடித்த எழுத்தும் ஒரு முத்திரையும் இருக்கும். படித்தாலும் பரவாயில்லை, இனி அது யாருக்கும் வேண்டாம். அந்தக் கோச் வேலைக்கு எங்கள் ஊரில் நல்ல பையன் இன்னொருவன் இருக்கிறான், போய்ச் சொல்லிவிடுகிறேன்.

உன் அப்பா அம்மாவுக்கு என் வணக்கம் சொல். இதைத் தாங்கி வரும் தட்டு உங்களுடையது. சூடு ஆறுமுன் சாப்பிடுங்கள்.

உம் வெண்டெல்